காமலாபுரத்தில் விமானம் தங்க ஓர் இடம்

சேலத்தில் நாலு பேர் சேர்ந்து விமான நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போவதில்லை. பெரிய விமானம் எப்போது வரும்? இன்னும் எந்தெந்த ஊருக்கு விடுவார்கள்? செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடையானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, இதேதான். எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வந்த விமானம் ராத்திரி எங்கே தங்கும்? நான் இரும்பு ஷெட் போடுகிறவன். அப்பா காலத்திலிருந்து தறிக்கூடம், சேகோ ஆலை, கிடங்கு, மண்டபம் என்று தூண் நட்டு, டிரஸ் என்கிற கூரைச் சட்டம் ஏற்றி, ஷீட் போடுவதுதான் எங்கள் வேலை. எதைப் பார்த்தாலும் அதற்குக் கூரை எங்கே என்று கண் தானாகத் தேடும். ஆனாலும் இந்தக் கேள்வி தொழில் புத்தியில் மட்டும் வந்ததில்லை. சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்தின் முப்பது வருஷக் கதையைத் திரும்பிப் பார்க்கிற யாருக்கும் வரவேண்டிய கேள்விதான்.

1993-ல் திறந்த நிலையம். கொஞ்ச காலம் விமானம் ஓடியது, ஆள் சேரவில்லை என்று நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, சில வருஷத்தில் போனது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி உயிர் வந்தது. ராசியில்லாத இடம் என்று நம் ஆட்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த எந்த விமானத்துக்கும் காமலாபுரம் சொந்த ஊராக இருந்ததில்லை, அவ்வளவுதான். வேறொரு பெரிய நிலையத்திலிருந்து கிளம்பி வரும், ஆளை இறக்கும், ஆளை ஏற்றும், திரும்பிவிடும். அதை ரிப்பேர் பார்க்கிறவர், அதன் உதிரி பாகங்கள், ஓட்டுகிறவரின் குடும்பம், எல்லாம் வேறு ஊரில். உடானில் அரசு தரும் ஈட்டுத்தொகையும் மூன்று வருஷத்துக்குத்தான். சேவையை நிறுத்த நினைக்கிற கம்பெனிக்கு இங்கே காலி செய்ய ஒரு சாமான்கூட இருக்காது. கால அட்டவணையில் ஒரு வரியை அடித்தால் வேலை முடிந்தது.

இதற்கு நேர்மாறான இடம் நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் விமானதளம் இருக்கிறது. 7,000 அடி ஓடுதளம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிற விமானம் அங்கே கிடையாது. ஆனால் 1990-களிலிருந்து இன்றுவரை அந்தத் தளத்தில் வேலை நடக்கிறது. காரணம், அங்கே கொட்டகைகள் இருக்கின்றன, கொட்டகைக்குள் விமானங்கள் இருக்கின்றன, விமானத்தின் அடியில் படுத்து ஸ்பானர் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பயணி வராத நாளிலும் அந்த இடத்துக்குப் பிழைப்பு உண்டு. சேலத்துக்கு இது புரிந்தால் போதும் என்று பல வருஷமாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற வாய்ப்பு சமீபத்தில்தான் வந்தது.

60-க்கு 100

பயிற்சி விமானங்கள் வாங்குகிற யோசனையில் ஒரு பார்ட்டி வந்தார். எந்த ஊர் என்று முடிவாகவில்லை, இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் சேலமும் ஒன்று. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2022-ல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து ஊர்களில் நம் ஊரும் இருந்தது. பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர், சேலம். பார்ட்டி கேட்டது ரொம்பச் சின்ன வேலை. காமலாபுரம் மாதிரி ஓர் ஓடுதளத்தை மனதில் வைத்து, ஆறு சின்ன விமானம் நிறுத்த ஒரு ஷெட், உத்தேசச் செலவு எவ்வளவு? இடத்தையும் அவரே யோசித்து வைத்திருந்தார், அளவையும் அவரே போட்டு வைத்திருந்தார். பயிற்சிக்கு ஓட்டுகிற சின்ன விமானமான செஸ்னா 172-ன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர், நீளம் 8.3 மீட்டர். ஒன்றுக்குச் சுமார் 91 சதுர மீட்டர், ஆறுக்கு 550-க்குக் கொஞ்சம் குறைவு. 60 அடிக்கு 100 அடி ஷெட் போட்டால் 557 சதுர மீட்டர் கிடைக்கும். "சரியா உட்காந்துருது பாருங்க" என்றார்.

பேப்பரில் உட்காரத்தான் செய்கிறது. கருப்பூரில் எங்கள் யார்டில் டிரஸ் அடுக்குகிற சிமென்ட் தளம் இருக்கிறது. அதில் 60-க்கு 100 நூல் பிடித்து, சாக்பீஸால் கட்டம் போடச் சொன்னேன். அட்டையில் இறக்கையும் வாலுமாக விமானத்தை வெட்டுவதற்குப் பதிலாக, 11 மீட்டருக்கு ஒரு கம்பி, அதற்குக் குறுக்கே 8.3 மீட்டருக்கு ஒரு கம்பி வைத்து ஒன்றாகக் கட்டினோம். இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். 100 அடி என்றால் 30 மீட்டர் சொச்சம். இரண்டு விமானம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 22 மீட்டர் போச்சு. இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே, இறக்கைக்கும் தூணுக்கும் நடுவே ஆள் போக இடம் விட்டால் மூன்றாவதற்கு இடமில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நாலு. ஒன்றின் வாலை இன்னொன்றின் இறக்கைக்கு அடியில் சொருகி ஐந்தாவதை நுழைக்கலாம். நுழைத்தபின் பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளவேண்டும். தள்ளும்போதுதான் இறக்கை நுனி உரசும், கதவு விளிம்பில் இடிக்கும். பார்ட்டி சாக்பீஸ் கோட்டுக்குள் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அப்புறம் அந்தக் கம்பிச் சட்டத்தை அவரே ஒரு முனையில் பிடித்துத் தூக்கி இரண்டு மூன்று விதமாக வைத்தும் பார்த்தார். நாலுதான் வந்தது.

இதற்கு மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் சதுர அடியில் சேர்ப்பதில்லை. வணிக விமானி உரிமத்துக்கு ஒரு மாணவர் 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். பயிற்சி விமானத்தை 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரித்துச் சோதிக்கவேண்டும், நடுவில் 50 மணிக்குச் சின்னச் சோதனை வேறு. 50 மாணவர் இங்கேயே முழுதாகப் பறந்து முடித்தால் 10,000 மணி நேரம், அதாவது நூறு பெரிய சோதனைகள். எப்போது பார்த்தாலும் ஒரு விமானம் என்ஜின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உள்ளே நின்றுகொண்டுதான் இருக்கும். அதைச் சுற்றி ஏணி, மேஜை, எண்ணெய்த் தட்டு, ஆள். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத் தரையை வெளிர் நிறத்தில் எபாக்ஸி பூசுவார்கள். அந்த ஒரு இடத்தை நிறுத்துமிடக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆறு விமானத்துக்கு ஷெட் என்றால் ஏழு இடம் என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

ஏன் வெளியிலேயே கட்டிப்போடக் கூடாது என்று கேட்கலாம். கட்டிப்போடலாம், இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று என்று தரையில் வளையம் பதித்துக் கயிறு கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் சித்திரை வைகாசியில் சேர்வராயன் மலை மேல் மத்தியானம் மேகம் திரண்டு, சாயங்காலம் ஓமலூர்ப் பக்கம் அடிக்கிற காற்றைப் பார்த்தவர்கள் யோசிப்பார்கள். செஸ்னா 172 ஓடுதளத்தில் 55 நாட் வேகம் வந்ததும் மூக்கைத் தூக்கும், அது மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம். நின்றுகொண்டிருக்கிற விமானத்துக்கு எதிரே அதே வேகத்தில் காற்று அடித்தாலும் இறக்கைக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோலும் ஆளும் இல்லாமல் நின்றால் இன்னும் லேசு, இன்னும் சீக்கிரம் எழும்பப் பார்க்கும். ஆலங்கட்டி விழுந்தால் மெல்லிய அலுமினியத் தகடு குழி விழும், குழி விழுந்த பாகத்தை அளந்து பார்த்து அனுமதி வாங்காமல் பறக்க முடியாது.

ஷெட்டுக்கும் காற்றுதான் எதிரி. எங்கள் தொழிலில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கூரை பறந்த ஷெட்டுகளைப் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் பெரிய கதவு திறந்து கிடந்திருக்கும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியிலேயே இது இருக்கிறது. சுவரில் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால், உள்ளே புகுந்த காற்று எவ்வளவு அழுத்தும் என்று காட்டுகிற உள்ளழுத்தக் கெழு 0.2, திறப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7. விமானக் கொட்டகையில் ஒரு பக்கம் முழுக்கவே கதவு. திறந்திருக்கும்போது உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும். தறிக்கூடத்துக்குப் போடுகிற, தூணைத் தரையோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட்டும் கூரை ஷீட்டைத் தாங்குகிற பர்லினும் இதற்குப் பத்தாது. "ஷெட்டுதானே" என்று சதுர அடிக்கு ஒரு விலை சொல்லி வேலை எடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கம்பியைக் குறைப்பார்கள். அது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

நடுக்கோடு எங்கே?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஷெட் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டிய சங்கதி. என் எண்ணத்தையே புரட்டிப் போட்டது வேறொன்று.

விமான நிலையங்களில் சிவில் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அழகாபுரத்தில் இருக்கிறார். வெளி மாநிலங்களிலேயே பாதி வாழ்க்கை போனவர். சாக்பீஸ் கோடு அழிவதற்குள் ஒரு தடவை வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டிருந்தேன். வந்தார். கம்பிச் சட்டத்தைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். சாக்பீஸ் கட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, ஓடுதளத்தோட நடுக்கோடு எங்க இருக்கு?"

பார்ட்டி கொடுத்த இடம் நடுக்கோட்டிலிருந்து 135 மீட்டர் தள்ளி என்று சொன்னேன். அவர் சிமென்ட் தளத்தை விட்டுக் கீழே இறங்கினார். எங்கள் யார்டுக்குப் பின்னால் வெறும் புறம்போக்காகக் கொஞ்சம் நிலம், அதைத் தாண்டினால் பக்கத்துக்காரரின் மரவள்ளிக் காடு. யார்டின் முன்சுவர்தான் நடுக்கோடு என்று வைத்துக்கொள், டேப்பைப் பிடி என்றார். எங்கள் வெல்டர் ஒருவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பொட்டியபுரத்துக்காரர். விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் கேட்கப்பட்ட நாலு ஊர்களில் ஒன்று, காமலாபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டியோடு சேர்த்து. அவர் குடும்பத்து நிலமும் அந்தப் பட்டியலில் வருகிறது.

75-ஆவது மீட்டரில் சார் நிற்கச் சொன்னார். ஒரு கம்பியை நட்டோம். ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் எதுவும் கட்டாமல், மேடு பள்ளம் இல்லாமல் விடவேண்டிய பட்டை ஒன்று உண்டு, ஸ்டிரிப் என்பார்கள். விமானம் வழுக்கி ஓடுதளத்தை விட்டு வெளியே போனால் எதிலும் மோதாமல் நிற்கவேண்டும், அதற்கான இடம். பைலட் கண்ணால் பார்த்து இறங்குகிற ஓடுதளம் என்றால் நடுக்கோட்டிலிருந்து இந்தக் கம்பி வரைக்கும் போதும். பட்டை முடிகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு ஏறும், 7 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் உயரம் எழுப்பலாம். நம் ஷெட்டின் கூரை உச்சி 8 மீட்டர் என்றால் 56 மீட்டர் தள்ளவேண்டும். 75-ம் 56-ம் 131. பார்ட்டியின் 135 அந்தக் கணக்கில் வந்த இடம்தான். இன்றைக்குக் கட்டலாம், தடையில்லாச் சான்றும் கேட்கலாம்.

"இன்னும் போ" என்றார். வெல்டர் டேப்பை இழுத்துக்கொண்டு போனார். டேப் தீர்ந்தது, கம்பி நட்டு மறுபடி பிடித்தோம். 140 என்றபோது அவர் வேலியைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்குள் இடுப்பளவு செடிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மழையிலும் மேகத்திலும் கருவி காட்டுகிற வழியில் விமானத்தை இறக்குகிற தரத்துக்கு ஓடுதளத்தை உயர்த்தினால் பட்டை அங்கே வரைக்கும் வரும். ஒரு பக்கத்துக்கு 140, இரண்டு பக்கமும் சேர்த்து 280. அப்போது 135-ல் நிற்கிற நம் ஷெட் என்ன ஆகும்? பட்டைக்குள்ளேயே நிற்கும். ஒன்று ஷெட்டை இடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடுதளம் தரம் உயராமல் இருக்கவேண்டும். ஆறு சின்ன விமானத்துக்குப் போட்ட கொட்டகை ஓர் ஊரின் விமானத்தையே மழைக்காலத்தில் இறங்கவிடாமல் செய்துவிடும்.

கூட நின்றவர்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெல்டர்தான் காட்டுக்குள்ளிருந்து கேட்டார்: "ஏனுங் சார், அவ்வளவு எடம் கேக்கறது இதுக்குத்தானுங்களா?"

சார் அவரை உட்காரவைத்து, என் நோட்டிலேயே கணக்கைப் போட்டுக் காட்டினார். காமலாபுரம் ஓடுதளம் 1,806 மீட்டர். இரண்டு முனையிலும் 60 மீட்டர் சேர்த்தால் 1,926. அதை 150-ஆல் பெருக்கினால் 71 ஏக்கர் சொச்சம். 280-ஆல் பெருக்கினால் 133 ஏக்கர். நிலையத்தின் மொத்த இடமே சுமார் 136 ஏக்கர்தான். பட்டை ஒன்றே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிடும், டெர்மினலுக்கும் கொட்டகைக்கும் வேலிக்கும் இடம் எங்கே? "பாதுகாப்புக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, ஓடுதளத்தை நீட்ட இவ்வளவுன்னு மூணா பிரிச்சுச் சொல்லணும் தம்பி. மொத்தமா ஒரே எண்ணாச் சொன்னா யாருக்குத்தான் புரியும்" என்றார் என்னிடம். வெல்டர் அந்த நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு யாருமே இந்த மாதிரி கம்பி நட்டுக் காட்டலைங்க. 500 ஏக்கருக்கு மேலன்னுதான் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா விமானத்துக்குன்னாங்க" என்றார்.

எந்த ஏக்கர் எதற்கு

அன்றைக்கு வெல்டர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை அடங்காமல் இருக்கிறது. நான் கொட்டகைக்காகப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் காட்டுக்குள் நின்று கேட்டார். நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை கிடையாது, கிணறும் காடும் அவருடையது. ஆனால் கேட்கிறவர்கள் எந்த ஏக்கர் எதற்கு என்று பிரித்துச் சொல்லாமல் கேட்பது நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். நடுக்கோட்டிலிருந்து 75-ல் ஒரு கம்பி, 140-ல் ஒரு கம்பி, 200-ல் ஒரு கம்பி நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஊர்க்காரர்களை நடத்திக்கொண்டு போய்க் காட்ட ஒரு சர்வேயரும் அரை நாளும் போதும். எதிர்ப்பு அதோடு தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எதை எதிர்க்கிறோம், எதற்கு விலை பேசுகிறோம் என்பதாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

அந்த 200-ஆவது மீட்டர் கம்பி எனக்கு முக்கியம். 140-ம் 56-ம் 196. ஆகவே 8 மீட்டர் உயரக் கொட்டகை எக்காலத்துக்கும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்க முடிகிற கோடு அது. விரிவாக்க வரைபடம் எதை வரைந்தாலும் முதலில் இந்தக் கோட்டை வரையவேண்டும் என்பது என் கட்சி. ஓடுதளத்தை நீட்டுவது, பெரிய டெர்மினல், இதெல்லாம் பிற்பாடு வரட்டும். கோட்டை மட்டும் இப்போதே காகிதத்தில் குறித்துவிட்டால், சின்னதாக ஒரு கொட்டகையைத் தைரியமாகக் கட்டலாம். அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. விமானக் கம்பெனி ஒன்று வந்து போனாலும் அங்கே வேலை நிற்காது. சேலத்திலும் சுற்றுப்பக்கத்திலும் படித்துவிட்டு விமானப் பராமரிப்பு வேலைக்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிற பிள்ளைகளில் பத்துப் பேராவது ஓமலூர் பஸ்ஸில் போய் வருவார்கள். ராணுவத் தளவாடங்கள் செய்வதற்கான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று என்று பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு முகவரி வேண்டும், அது கொட்டகையாகத்தான் இருக்கமுடியும்.

அமெரிக்காவில் சின்ன ஊர் விமான நிலையங்களை நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ நடத்துவது சாதாரணம். அங்கே கொட்டகை வாடகை ஒரு முக்கியமான வருமானம். விமானத்தின் வடிவத்துக்கே டி மாதிரி அறை அறையாக, ஒன்றின் வால் இன்னொன்றின் இறக்கைக்குப் பக்கத்தில் வருமாறு முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டுகிறார்கள். இடம் மிச்சமாகும், ஒன்றை எடுக்க இன்னொன்றைத் தள்ளவேண்டியதில்லை. அவர்களுக்கு வந்த தொல்லை வேறு. கொட்டகையை வாடகைக்கு எடுத்துவிட்டு உள்ளே காரும் வீட்டுச் சாமானும் போட்டு வைத்தார்கள், விமானம் வைத்திருந்தவர்கள் இடம் கிடைக்காமல் காத்திருந்தார்கள். அந்த நாட்டு மத்திய விமானத் துறை 2016-ல் இதற்கென்றே கொள்கை வெளியிட்டு 2017 ஜூலையிலிருந்து அமல்படுத்தியது: கொட்டகை விமானக் காரியத்துக்குத்தான். இங்கேயும் குத்தகைப் பத்திரத்தில் முதல் நாளே அந்த வரியைச் சேர்க்கவேண்டும். இத்தனை மாதத்துக்குள் உள்ளே பறக்கிற நிலையில் விமானம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பொதுமக்கள் நிலத்தில் கிடைக்கிற இடம், பூட்டிக் கிடக்கக் கூடாது.

பார்ட்டிக்குப் புது வரைபடம் அனுப்பினேன். 60-க்கு 100 போச்சு. ஒரே வரிசையில் 15 மீட்டர் அகலத்துக்கு ஆறு அறை, 12 மீட்டர் ஆழம், மொத்தம் 90 மீட்டர் நீளம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, எது முதலில் பறந்தாலும் மற்றதைத் தொடவேண்டாம். ஐந்தில் விமானம், ஒன்று சோதனைக்கு. ஆறாவது விமானம் வாங்கும்போது ஏழாவது அறை. அதற்காக இரண்டு பக்கக் கடைசிச் சட்டங்களையும் நடுச்சட்டத்தின் பலத்துக்கே போட்டிருக்கிறேன். வழக்கமாகக் கடைசிச் சுவரில் லேசான தூண் போட்டு மிச்சம் பிடிப்பார்கள், பிறகு நீட்டும்போது அதைப் பிடுங்கி எறியவேண்டியிருக்கும். இங்கே ஷீட்டை மட்டும் கழற்றி அடுத்த அறையை ஒட்டலாம்.

அவர் போனில் கேட்ட முதல் கேள்வி, 135-லிருந்து 200-க்குத் தள்ளினால் விமானம் நகர்ந்து போகிற பாதை 65 மீட்டர் கூடுமே, அந்தச் செலவு யார் தலையில்? நியாயமான கேள்வி. 7.5 மீட்டர் அகலத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 490 சதுர மீட்டர், 5,000 சதுர அடிக்கு மேல் வருகிறது. அவர் முதலில் நினைத்த ஷெட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல். மறைக்காமல் சொன்னேன். இடிக்கவேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி அனுப்பினேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பிரதியை வெல்டர் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். மறுவாரம் வேலைக்கு வந்தபோது அவர் அப்பா கேட்டனுப்பிய கேள்வி ஒன்று வந்தது, எங்கள் யாருக்கும் வராத கேள்வி: "இத்தனை கூரைக்கும் இத்தனை சிமென்ட்டுக்கும் மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" கணக்குப் போட்டேன். கூரை மட்டும் 1,080 சதுர மீட்டர், 5 சென்டிமீட்டர் மழைக்கு 54,000 லிட்டர். முன்னால் விமானம் நிற்கிற 60 மீட்டர் தளத்திலிருந்து இன்னும் 2,70,000 லிட்டர், அதில் எண்ணெயும் கலந்திருக்கும். அதனால் இரண்டையும் பிரித்திருக்கிறேன். கூரைத் தண்ணீர் பின்பக்கம் தனி வாய்க்காலில் போய் ஒரு குட்டையில் விழும். தளத்துத் தண்ணீர் கொட்டகையை விட்டு விலகுகிற மாதிரி நூற்றுக்கு ஒன்றுக்குள் வாட்டம், அங்கிருந்து எண்ணெய் பிரிக்கும் தொட்டி. குட்டையிலிருந்து வழிகிற தண்ணீரை எந்த ஓடையில் சேர்ப்பது என்பதை அவர் அப்பாவிடமே கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் அந்த ஒரு கோடுதான் இப்போது பாக்கி.